பொங்கலுக்குத் தஞ்சாவூர் வருகிறவர்களுக்கு: ஜல்லிக்கட்டில் இறங்குவதா, எங்கே நின்று பார்ப்பது?

மார்கழி பாதி தாண்டியதும் வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். ரயில் டிக்கெட் கிடைத்த கதையைச் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "மாமா, ஜல்லிக்கட்டுல நாங்களும் இறங்கலாமா?" பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகன் கேட்கிறான், சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தங்கை மகன் கேட்கிறான், அவனோடு ஊர் பார்க்க வருகிற சிநேகிதனும் கேட்கிறான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்த தலைமுறை இது. ஆசை வருவதில் எந்தத் தப்பும் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாள் லீவில் வருகிறவர் களத்தில் இறங்கக் கூடாது. ஆனால் "இறங்காவிட்டால் பத்திரம்" என்று நினைத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் போய் நிற்பது அதைவிட மோசம். ஜல்லிக்கட்டில் சாகிறவர்களில் பலர் மாடு பிடிக்கப் போனவர்களே இல்லை. 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்று ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க ஏழு பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தவர்களும் மாட்டுக்காரர்களும். அதனால் இறங்குவதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதையும் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஊர் விவரம். டெல்டா என்றால் எங்கும் மாடு விடுவார்கள் என்று நினைத்து திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ அறை எடுத்துவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. தை மாதத்தில் அந்தப் பக்கமெல்லாம் சம்பா வயலில் நிற்கும், அல்லது அறுப்பு நடந்துகொண்டிருக்கும். காளையை அவிழ்த்துவிடப் பொட்டல் ஏது? அங்கே மாடு என்றால் உழவு மாடு, சேற்றில் இறங்கி உழைக்கிற உம்பளச்சேரி மாடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டும் காலில் வெள்ளையுமாக, கட்டையாக, உறுதியாக இருக்கும். உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றே பேர். காளையை அவிழ்த்துவிடும் வாடிவாசலில் சீறிக்கொண்டு வருகிற புலிக்குளம், காங்கேயம் காளைகளுக்கும் இதற்கும் உறவு தூரம்.

ஜல்லிக்கட்டு டெல்டாவின் மேற்கு ஓரத்தில், மண் மேடேறிச் சிவக்கிற இடத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் எல்லையை ஒட்டி, கந்தர்வகோட்டை வட்டத்தில் இருக்கும் தச்சங்குறிச்சியில் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்திலேயே நடக்கும். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று பெயர் வாங்கிய ஊர் அது. மாட்டுப் பொங்கல் சமயத்தில் திருச்சி பக்கம் பெரிய சூரியூர், நற்கடல்குடி கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டி. அதற்கப்புறம் தஞ்சாவூரைச் சுற்றி திருக்கானூர்பட்டி, மாதாக்கோட்டை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் மதுரைக்காரர்களுடையவை. பொங்கலை ஒட்டி அடுத்தடுத்த நாளில் வரும். தஞ்சாவூரிலிருந்து போக வேண்டுமென்றால் நள்ளிரவே கிளம்ப வேண்டும். ஒரு விஷயம்: ஒவ்வோர் ஊருக்கும் அரசு அனுமதியும் மாவட்ட ஆட்சியர் ஒப்புதலும் வந்தால்தான் நடக்கும். தேதி தள்ளிப்போவது சகஜம். பத்திரிகையில் உறுதியான தேதி வருவதற்கு முன் அந்த ஒரு நாளை நம்பி மட்டும் டிக்கெட் போடாதீர்கள்.

சரி, இறங்குவதைப் பற்றி.

நினைத்தவுடன் வேலி தாண்டிக் குதிக்கிற காலம் போய்விட்டது. மாடுபிடி வீரராக முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். மதுரையில் இதை ஆன்லைனிலேயே வாங்குகிறார்கள். அன்று காலையில் டாக்டர்கள் உடம்பைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, குடித்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். எண் போட்ட பனியன் கொடுப்பார்கள். சுற்றுச் சுற்றாக ஆட்களை இறக்குவார்கள். நன்றாகப் பிடித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார், மற்றவர் வெளியேற வேண்டியதுதான். முதலில் வரும் கோயில் காளையை யாரும் தொடுவதில்லை. அதன் பிறகு வருகிற மாட்டைத் திமிலில் மட்டும்தான் அணைக்கலாம். வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, ஒரு மாட்டில் ஒருவர்தான் தொங்க வேண்டும். தரையில் தென்னை நார்க் கழிவு பரப்பியிருப்பார்கள். வாடிவாசலிலிருந்து பதினைந்து மீட்டர் தூரத்துக்குள்தான் எல்லாமே.

இதையெல்லாம் கேட்டால் ஏதோ ஒழுங்கான விளையாட்டு மைதானம் மாதிரி தெரியும். ஏற்பாடு ஒழுங்குதான், மாடு அப்படி இல்லை. சில காளை வாடிவாசலை விட்டு நேராகப் பாய்ந்து போய்விடும், யாரும் தொட முடியாது. சில காளை நின்று விளையாடும். வாசலுக்கு எதிரே நின்று தலையைத் தாழ்த்திச் சுற்றிச் சுற்றி ஆளைத் தேடும். அதன் பக்கத்தில் போகிறவன் அது இடது கொம்பால் குத்துமா வலது கொம்பால் குத்துமா, துள்ளும்போது எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட வேண்டும். திமிலை அணைத்தவன் உடம்பை மாட்டோடு ஒட்டவைத்து, அது துள்ளும் போக்கிலேயே தானும் போக வேண்டும். பிடிப்பதைவிட விடுவது ஆபத்து. கையை எடுக்கிற நேரத்தில் மாடு திரும்பினால் கொம்பு நேரே வயிற்றுக்கு வரும். கீழே விழுந்தால் எழுந்து ஓடக் கூடாது, குப்புறப் படுத்துத் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பயந்தவன் உடம்பு எழத்தான் பார்க்கும். அதைப் படுக்கவைக்கிற பழக்கம் வருஷக் கணக்கில் வருவது.

பழகியவர்களுக்கும் தப்பும். 2023 பாலமேட்டில், ஒன்பது காளையைப் பிடித்து மூன்றாவது இடத்தில் இருந்த ஓர் இளைஞர் அடுத்து வந்த காளை குத்தி இறந்துபோனார். ஒரே காலையில் ஒன்பது காளையை அணைத்தவர் அவர். ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறேன் என்று சொல்கிற தம்பிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். அங்கே பலத்துக்கு வேலை குறைவு.

கொம்புக் காயத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே சின்ன ஓட்டையாக இருக்கும், ரத்தம்கூட அதிகம் வராது. உள்ளே கொம்பு திரும்பிய பக்கமெல்லாம் கிழிந்திருக்கும். தொடையில் குத்தினால் பெரிய ரத்தக் குழாய், வயிற்றில் குத்தினால் குடல். மண்ணும் சாணியும் உள்ளே போயிருக்கும். லேசான காயம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்புவது முட்டாள்தனம். களத்தில் இருக்கும் மருத்துவக் குழுவிடம் காட்டி, அவர்கள் சொன்னால் 108இல் ஏறி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தன் பயணக் காப்பீட்டுத் தாளை எடுத்து, அபாயகரமான விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பார்க்கட்டும்.

"ஸ்பெயினில் யார் வேண்டுமானாலும் ஓடலாமே, இங்கே மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. நியாயமான கேள்விதான். பாம்ப்லோனாவில் சான் ஃபெர்மின் திருவிழா ஜூலையில் நடக்கிறது. 7 முதல் 14ஆம் தேதி வரை தினமும் காலை 8 மணிக்கு ஆறு காளைகளைத் தெருவில் விடுவார்கள். ஏறக்குறைய 875 மீட்டர், பெரும்பாலும் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 18 வயது ஆனவர் யாரும் போய் நிற்கலாம், பெயர் பதியத் தேவையில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே ஓடி இறந்தவர்கள் 16 பேர், கடைசியாக 2009இல். இந்தக் கணக்கை மட்டும் வைத்து அதுவே பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. அது ஒரே ஊர், வருஷத்துக்கு எட்டுக் காலை. இங்கே தை முதல் வைகாசி வரை எத்தனையோ ஊர்கள், ஓர் ஊரிலேயே நூற்றுக்கணக்கில் மாடுகள். ஆனால் விஷயம் வேறு. அங்கே மாட்டுக்கு முன்னால் ஓடித் தப்பிப்பதுதான் விளையாட்டு. இங்கே ஓடி வருகிற மாட்டை நெருங்கி நெஞ்சோடு அணைக்க வேண்டும். அங்கே காலையில் ஓடிய காளையை அன்று மாலையே சண்டைக் களத்தில் கொன்றுவிடுவார்கள். இங்கே அது ராத்திரி வீட்டுக்குத் திரும்பி வருகிற பிள்ளை. நீங்கள் தடுமாறித் தப்பாகப் பிடித்து அதன் கால் முறிந்தால், ஒரு குடும்பம் அழும். புதியவர் இறங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு உங்கள் உயிர் பாதிக் காரணம், அந்த மாடு மீதிக் காரணம்.

திறந்த பொட்டலில் மாட்டை அவிழ்த்துவிட்டு விரட்டிப் பிடிக்கிற மஞ்சுவிரட்டுக்கு வருவோம். சிவகங்கைப் பக்கம் சிராவயல் மாதிரி ஊர்களில் தொழுவத்திலிருந்து விடும் மாடு போக, பொட்டலில் அங்கங்கே கட்டுமாடுகளையும் அவிழ்த்துவிடுவார்கள். மாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாது. ஜல்லிக்கட்டைவிட "சும்மா கூட்டத்தோடு நின்று பார்க்கலாம்" என்று வெளியூர்க்காரர் நினைப்பது இதைத்தான். நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். 2024இல் சிராவயலில் இறந்த இரண்டு பேரில் ஒருவன் சிறுவன். வேலி இல்லாத இடத்தில் பார்வையாளர், வீரர் என்ற பிரிவே கிடையாது, மாட்டுக்கு எல்லாரும் ஒன்றுதான். அந்த மண்ணில் பிறந்தவர்கள் எந்த மரத்தடியில் நிற்க வேண்டும், எந்த டிராக்டர் மேல் ஏற வேண்டும் என்று அறிந்திருக்கிறார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருந்து, வண்டி மேலிருந்து இறங்காமல் பார்ப்பதென்றால் போகலாம். குழந்தைகளோடு போகவே கூடாது.

பார்வையாளர் மேடை பலருக்கும் சப்பென்று தோன்றும், ஆனால் முதல் தடவை வருகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வாடிவாசல் கதவு, காளை தலையை வெளியே நீட்டுகிற அந்த நொடி, வீரர்கள் சுவரோடு ஒட்டி நிற்கிற வரிசை எல்லாம் மேலிருந்துதான் முழுதாகத் தெரியும். கீழே நிற்கிறவருக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். இரட்டை வேலி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மேடையில் ஆள் நிரம்பி வழிந்தால் ஏறாதீர்கள், ஆள் தாங்காமல் மேடை சரிந்தால் மாடு இல்லாமலே எலும்பு முறியும். கீழ் வரிசையில் வேலிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்காராதீர்கள். காலை 7, 8 மணிக்குத் தொடங்கிவிடும், மாலை வரை நடக்கும். விடியும் முன்பே போய் இடம் பிடித்து, தண்ணீர், தொப்பி, வாழைப்பழம் கொண்டு போனால் போதும். அலங்காநல்லூரில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு சுற்றுலாத் துறை தனி மேடையே போடுகிறது. அதே பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கில் நிரந்தரமான இருக்கைகள் உண்டு, வயதானவர்களைக் கூட்டிப் போக அது தோது.

மேடையை விட்டு இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். களத்தைத் தாண்டி ஓடும் காளையை ஓர் இடத்தில் சேர்த்துப் பிடிப்பார்கள். அங்கே மாட்டுக்காரர்கள் கயிற்றோடு காத்திருப்பார்கள். மூக்கணாங்கயிறு இல்லாத, மிரண்ட, நூறு பேர் சத்தம் போட்டு வெறி ஏறிய மாடு முட்டுகிற இடம் அது. 2019 ஜனவரியில் விராலிமலையில் 1300க்கும் அதிகமான காளைகளை அவிழ்த்தார்கள், சாதனை என்று பேசினார்கள். அன்று இறந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். போட்டோ எடுக்க நல்ல இடம் என்று யாராவது காளை சேரும் இடத்துக்கு உங்களைக் கூப்பிட்டால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். போகும் வழியில் மாடு வரும் சாலையில் நடக்காமல், கார் நிறுத்தத்துக்கு எந்த வழி என்று போலீஸ்காரரிடம் கேட்டுப் போங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அதற்கு ஜல்லிக்கட்டு நாளே தேவையில்லை. மாடு வளர்க்கும் வீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் போங்கள். செங்கிப்பட்டி, வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கம் தெரிந்தவர் யாராவது இல்லாமல் இருக்க மாட்டார்கள். விடிகாலையில் காளையைக் குளத்தில் நீந்தவிடுவார்கள். நடை பயிற்சி கொடுப்பார்கள். மண் மேட்டை அது கொம்பால் குத்திச் சிதறடிப்பதைப் பார்த்தாலே இதை அணைப்பது என்றால் என்ன என்று புரிந்துவிடும். பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, உளுந்து என்று தன் பிள்ளைக்கு இல்லாததை அதற்கு வைப்பார்கள். அதே காளை அந்த வீட்டு அம்மா கூப்பிட்டால் தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பல வீட்டில் மாட்டை வளர்ப்பது பெண்கள்தான், கயிற்றைப் பிடித்துக் களத்துக்குக் கொண்டு போகும்போது மட்டும்தான் ஆண்கள்.

போகும் வீட்டில் சில மரியாதை உண்டு. கேட்காமல் மாட்டைத் தொடாதீர்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், கொம்பைப் பிடித்து செல்பி எடுக்காதீர்கள். குடித்துவிட்டு அந்த வாசலை மிதிக்கக் கூடாது. கையில் பணம் நீட்டுவதைவிட, மாட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் வீட்டுக்காரருக்கு வேட்டி துண்டும் கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். அவர்களோடு களத்துக்கும் போகலாமே என்று கேட்பீர்கள். காளையோடு உரிமையாளரும் அதற்குப் பழகிய ஓர் உதவியாளரும்தான் உள்ளே போக முடியும். மூன்றாவது ஆளாக நீங்கள் போனால் டோக்கன் வரிசையில் அவர்களுக்குத்தான் சிக்கல். மாட்டை வண்டியேற்றி வழியனுப்பிவிட்டு நீங்கள் மேடைக்குப் போய்விடுங்கள். பெயர் தெரிந்த மாடு வெளியே வரும்போது பார்ப்பது வேறு மாதிரி இருக்கும், தொண்டை அடைத்துவிடும்.

மாடு துன்பப்படுகிறதே என்று மனம் சங்கடப்படுகிறவர்களும் வருகிறார்கள். அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது இந்தக் காரணத்தால்தான். 2017இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. மாட்டு டாக்டர் பார்க்காமல் மாட்டை விடுகிற ஊர், மாட்டுக்குச் சாராயம் ஊற்றுகிற, வாலை முறுக்குகிற ஊர் என்று தெரிந்தால் அங்கே பார்வையாளராகக்கூடப் போகாதீர்கள். நம் கூட்டம் போனால்தான் அந்தத் தப்பு அடுத்த வருஷமும் நடக்கும்.

இன்னும் இரண்டு மூன்று வழி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வடமாடு என்றால் நீளமான வடத்தில் கட்டிய ஒரு காளை, வட்டத்துக்குள் ஒன்பது பேர் கொண்ட குழு, இருபது இருபத்தைந்து நிமிஷம். மாடு ஓடுகிற எல்லை கயிற்றின் நீளம்தான் என்பதால் வெளியே நின்று பார்ப்பவருக்கு நிம்மதி. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓட்டுவார்கள். வேகத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஆனால் சாலை ஓரத்தில் வளைவில் மட்டும் நிற்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: மாட்டுப் பொங்கல் அன்று கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் ஏதாவது கிராமத்தில் இருங்கள். வாய்க்காலில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, நரசிங்கம்பேட்டை நெட்டி மாலையைக் கழுத்தில் போட்டு, சாயங்காலம் தொழுவத்தில் பொங்கல் வைத்து "பொங்கலோ பொங்கல்" என்று தட்டிக்கொண்டு சுற்றி வருவார்கள். அந்தச் சுற்றில் உங்கள் பிள்ளையும் சேர்ந்து ஓடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அன்று தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நந்திக்கு டன் கணக்கில் காய்கறி, பழம், இனிப்பு வைத்து அலங்காரம் செய்வார்கள். காலையில் அங்கே, சாயங்காலம் கிராமத்தில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் நிறைந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் களத்தில் இறங்கத்தான் வேண்டும் என்று ஒருவன் பிடிவாதமாக நின்றால்? அவனிடம் நான் கோபப்பட மாட்டேன். இந்தத் தையில் முடியாது என்று மட்டும் சொல்வேன். வீட்டில் அப்பா அம்மாவிடம் ஒளிக்காமல் பேசட்டும். சித்திரையிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து, காளை வளர்க்கிற வீட்டில் தங்கி, பயிற்சிக் காளையிடம் மாடுபிடி வீரர்களோடு சேர்ந்து பழகட்டும். முதல் பத்துத் தடவை திமிலைத் தொடாமல் ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டால் போதும். அந்தப் பையன்களே "வாடா, இறங்கு" என்று கூப்பிடுகிற அன்றைக்கு, அடுத்த வருஷத்துக்குப் பெயர் பதியட்டும்.